பர்கர் இறைச்சிப் பொட்டலத்தின் பின்னால் ஒரு வரலாறு



இம்முறை நான் எடுத்துக்கொண்ட பொருளைக் கண்டு சிலர் முகம் சுளிக்கக்கூடும். மாட்டிறைச்சி உண்ணாத குடும்பத்தில் பிறந்தவள் நான், இன்றும் உண்பதில்லை. இப்பக்கத்தைப் படிக்கும் நண்பர்களுள் பலரும் அவ்வாறே என்பதை அறிவேன். ஆயினும், அமெரிக்காவில் அரைத்த மாட்டிறைச்சி கடந்துவந்த பாதையைப் படித்தபோது, அது உணவுப் பழக்கத்தைப் பற்றிய கதையன்று, பிள்ளைகளைப் பற்றிய கதை என்றே எனக்குத் தோன்றியது. உணவால் ஒரு குழந்தைக்குத் தீங்கு நேர்ந்தால் பொறுப்பு விற்றவருடையதா, சமைத்தவருடையதா என்னும் கேள்விக்கு ஒரு நாடு விடை காண ஏறத்தாழ 90 ஆண்டுகள் ஆயின. அந்த விடையும் முழுமையானதன்று.

சென்ற ஆண்டிறுதி விடுமுறையில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சியாட்டல் நகருக்கு அருகே வசிக்கும் என் தங்கையின் வீட்டில் சில நாள்கள் தங்கியிருந்தேன். ஒரு சனிக்கிழமை என்னைக் காஸ்ட்கோ என்னும் கிடங்குக் கடைக்கு அழைத்துச் சென்றாள். உறுப்பினர் அட்டையைக் காட்டினால்தான் உள்ளே நுழைய முடியும். கூரை வரை அடுக்கிய பெட்டிகள். நம் ஊர்த் தள்ளுவண்டியைப் போல் இரு மடங்கு பெரிய தள்ளுவண்டிகள். கடையின் பின்பகுதியில் இறைச்சிப் பகுதி. அங்கே அரைத்த மாட்டிறைச்சி, ஒரு குடும்பம் ஒரு வாரம் உண்டாலும் தீராத அளவில் தட்டுத் தட்டாக வைக்கப்பட்டிருந்தது. அதற்கு அருகில் உறைபெட்டியில் வட்ட வட்டமாக அழுத்திய பர்கர் இறைச்சி. ஆங்கிலத்தில் இதனைப் 'பேட்டி' என்பார்கள். அப்படியே எழுதினால் நேர்காணல் என்று படித்துவிடுவீர்கள் என்பதால் 'பர்கர் வட்டு' என்றே இக்கட்டுரையில் எழுதுகிறேன்.

தங்கையும் மாட்டிறைச்சி உண்பதில்லை. அவள் கணவரும் பிள்ளைகளும் உண்பார்கள். மகனின் நண்பர்கள் மறுநாள் வீட்டுக்கு வரவிருந்ததால் ஒரு பொட்டலம் வாங்கினாள். பொட்டலத்தின் மேல் ஒட்டியிருந்த சிறு தாளைப் படித்தேன். குளிரில் வைக்கவும், மற்ற உணவிலிருந்து பிரித்து வைக்கவும், தொட்ட கையையும் பலகையையும் கழுவவும், நன்றாக வேகவைக்கவும் என்று சிறு சிறு படங்களுடன் அச்சிட்டிருந்தார்கள். இத்தனை எச்சரிக்கை எதற்கு என்று கேட்டேன். "அக்கா, இந்த ஊர்க்காரங்ககிட்ட 1993னு சொல்லிப் பாருங்க, இந்தத் தாள் எதுக்குன்னு அவங்களே சொல்வாங்க" என்றாள். வீடு திரும்பியபின் நூலகத்திலும் இணையத்திலும் தேடிப் படித்தவற்றையே இங்கு தொகுத்துத் தருகிறேன்.

முதலில் கடையைப் பற்றிச் சில வரிகள். உறுப்பினர்களுக்கு மட்டும் விற்கும் பெருங்கடை என்னும் எண்ணம் சோல் பிரைஸ் என்பவருடையது. அவர் 1954இல் கலிபோர்னியாவின் சான் டியாகோ நகரில் பெட்மார்ட் என்ற கடையை அரசு ஊழியர்களுக்காகத் தொடங்கினார். பின்னர் 1976இல், அதே நகரில், முன்பு விமானக் கொட்டகையாக இருந்த ஒரு கட்டடத்தில் பிரைஸ் கிளப் என்னும் கிடங்குக் கடையைத் திறந்தார். அவரிடம் தொழில் கற்ற ஜிம் சினகல் என்பவரும் ஜெப்ரி பிராட்மன் என்பவரும் 1983இல் சியாட்டலில் காஸ்ட்கோவைத் தொடங்கினர். 1993இல் இரண்டும் இணைந்தன. குறைந்த வகைப் பொருள்கள், பெரிய அளவு, மிகக் குறைந்த இலாபம் என்பதே அவர்களுடைய வணிக முறை. பெரிய அளவில் வாங்குபவர், விற்பவரிடம் நிபந்தனை விதிக்க முடியும். இறைச்சி வரலாற்றில் இதற்கு ஓர் இடமுண்டு, பின்னால் வருகிறேன்.

மாட்டிறைச்சி அமெரிக்காவில் மலிவான அன்றாட உணவானது சிகாகோ நகரால் எனலாம். அங்கே 1865இல் யூனியன் ஸ்டாக் யார்ட்ஸ் என்னும் மாபெரும் கால்நடைச் சந்தை திறக்கப்பட்டது. 1870களின் இறுதியில் கஸ்டாவஸ் சுவிப்ட் என்ற இறைச்சி வணிகர், பனிக்கட்டியால் குளிரூட்டிய தொடர்வண்டிப் பெட்டிகளில் இறைச்சியை அனுப்பத் தொடங்கினார். அதற்கு முன் உயிருள்ள மாடுகள் கிழக்குக் கரை நகரங்களுக்குப் பயணம் செய்து அங்கே அறுக்கப்பட்டன. அதன்பின் அறுக்கும் இடமும் உண்ணும் இடமும் ஆயிரம் மைல் விலகிப் போயின. தான் உண்ணும் இறைச்சியை யார் வெட்டினார், எப்படி வெட்டினார் என்பது வாங்குபவரின் கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று.

அந்த மறைவிடத்தைத் திறந்து காட்டியவர் அப்டன் சின்கிளேர். 1904இல் அவர் சிகாகோவின் இறைச்சிக்கூடப் பகுதியில் ஏழு வாரங்கள் தங்கித் தொழிலாளர்களோடு பழகினார். அங்கே கண்டவற்றை நாவலாக எழுதினார். 1905இல் ஓர் இதழில் தொடராக வெளிவந்த 'தி ஜங்கிள்', 1906இல் நூலாயிற்று. புலம்பெயர்ந்த தொழிலாளர்களின் துன்பத்தை நாடு உணர வேண்டும் என்பதே அவர் நோக்கம். நாடோ தன் தட்டில் இருந்த இறைச்சியைப் பற்றித்தான் அஞ்சியது. அவரே பின்னாளில் இதனைச் சொல்லி வருந்தினார். தோட்டத் தொழிலாளரின் வழிவந்த நமக்கு அந்த வருத்தம் எளிதில் புரியும். உழைப்பவனின் காயத்தைவிட உண்பவனின் வயிறு விரைவில் சட்டமாகிவிடுகிறது. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் இருவர் குழுவை அனுப்பி விசாரித்தார். 1906 ஜூன் 30ஆம் நாள் கூட்டரசு இறைச்சிப் பரிசோதனைச் சட்டம் கையெழுத்தாயிற்று.

இச்சட்டத்தின்படி, அறுப்பதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு விலங்கையும் அரசுப் பரிசோதகர் பார்க்க வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் பரிசோதகரின் கருவிகள் கண்ணும் கையும் மூக்கும். சீழ், கட்டி, நாற்றம் ஆகியவற்றை அவர் கண்டுபிடிப்பார். கண்ணுக்குத் தெரியாத கிருமியை எப்படிக் கண்டுபிடிப்பது? அடுத்த 90 ஆண்டுகள் அமெரிக்க இறைச்சிப் பரிசோதனை பெரும்பாலும் இப்படியே நடந்தது.

'தி ஜங்கிள்' எழுப்பிய அச்சம் அரைத்த இறைச்சியின்மேல் நீண்ட காலம் படிந்திருந்தது. கழிவுகளையெல்லாம் அரைத்து விற்கிறார்கள் என்று மக்கள் ஐயுற்றனர். அவ்வையத்தைப் போக்கிப் பர்கரை மதிப்புள்ள உணவாக்கியவர்கள் வால்டர் ஆண்டர்சன் என்ற சமையற்காரரும் பில்லி இங்கிராம் என்ற வணிகரும் ஆவர். 1921இல் கான்சாஸ் மாநிலத்தின் விச்சிட்டா நகரில் அவர்கள் தொடங்கிய உணவகத்தின் பெயர் ஒயிட் காசில், அதாவது வெள்ளைக் கோட்டை. வெள்ளைச் சுவர், பளபளக்கும் எஃகுப் பலகை, தூய சீருடை, வாடிக்கையாளரின் கண்முன்னே சமையல். ஒரு பர்கர் 5 சென்ட். பெயரிலும் நிறத்திலும் அவர்கள் தூய்மையை விற்றார்கள். பின்னர் வந்த துரித உணவகங்கள் யாவும் இதனைப் பின்பற்றின. மக்கள் நம்பினர். அரைத்த மாட்டிறைச்சி அமெரிக்கப் பிள்ளைகளின் உணவாயிற்று.

1960களில் அடுத்த மாற்றம் வந்தது. ஐயோவா மாநிலத்தில் தோன்றிய ஐ.பி.பி. நிறுவனம், முழு மாட்டுடலை அனுப்பாமல், துண்டுகளாக வெட்டிப் பெட்டியில் அடைத்து அனுப்பத் தொடங்கியது. வெட்டும்போது மிஞ்சும் சிறு துண்டுகள் வேறு ஆலைகளுக்கு அரைக்கச் சென்றன. பழைய சிகாகோ சந்தை 1971இல் மூடப்பட்டது. முன்பு ஊர் இறைச்சிக்கடைக்காரர் ஒரு மாட்டின் இறைச்சியை அன்றன்று அரைத்துக் கொடுத்தார். இப்போது பல ஆலைகளிலிருந்து வரும் வெட்டுத்துண்டுகள் ஒரே பெருந்தொட்டியில் கலந்து அரைக்கப்பட்டன. ஒரே வட்டில் எத்தனையோ மாடுகளின் இறைச்சி கலந்திருக்க வாய்ப்பு ஏற்பட்டது.

இங்கே சிறிது அறிவியல் தேவைப்படுகிறது. மாட்டின் குடலில் வாழும் சில கிருமிகள் மாட்டுக்குத் தீங்கு செய்வதில்லை. அறுக்கும்போது தோலிலிருந்தோ குடலிலிருந்தோ அவை இறைச்சியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ளும். முழுத் துண்டு இறைச்சியைச் சுட்டால் மேற்பரப்பு நன்கு வேகும், கிருமி மடியும், உட்பகுதி சற்றுச் சிவப்பாக இருந்தாலும் பெரிய கேடில்லை. ஆனால் அரைக்கும்போது மேற்பரப்பு என்பதே இல்லாமல் போகிறது. வெளியே இருந்தது உள்ளே செல்கிறது. அரைத்த இறைச்சியின் நடுப்பகுதி வேகவில்லையென்றால் கிருமி உயிரோடிருக்கும். இதுவே இவ்வரலாறு முழுமைக்கும் அடிப்படை. ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஓர் ஆரஞ்சுப் பழத்தையும் அதன் தோலையும் வைத்து இதனை விளக்கலாம்: தோலில் ஒட்டிய அழுக்கு, பழத்தைத் தோலோடு அரைத்தால் எங்கே போகும்?

இனி நீதிமன்றத்துக்கு வருவோம். 1970களின் தொடக்கத்தில், இறைச்சியில் சால்மோனெல்லா கிருமி இருக்கக்கூடும் என்று பொட்டலத்தில் எச்சரிக்க வேண்டுமெனக் கோரி அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சங்கம் வேளாண்மைத் துறையின்மேல் வழக்குத் தொடுத்தது. 1974இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அமெரிக்க இல்லத்தரசிகளும் சமையற்காரர்களும் அறியாதவர்களோ மூடர்களோ அல்லர். அவர்கள் வழக்கமாகச் சமைக்கும் முறையிலேயே அக்கிருமி அழிந்துவிடும் என்பது தீர்ப்பின் கருத்து. இல்லத்தரசியைப் புகழ்வதுபோல் தோன்றும் இத்தீர்ப்பு, உண்மையில் முழுப் பொறுப்பையும் அவள் அடுப்படியில் கொண்டுபோய் வைத்தது. எனக்கு இத்தீர்ப்பைப் படிக்கும்போதெல்லாம் சினம் வருகிறது. பாராட்டிக்கொண்டே பளுவைத் தலையில் ஏற்றும் பழக்கத்தைப் பெண்கள் வேறு இடங்களிலும் கண்டிருக்கிறோம்.

எட்டு ஆண்டுகள் கழித்து, 1982இல், ஒரிகன், மிச்சிகன் ஆகிய இரு மாநிலங்களில் 47 பேர் கடுமையான வயிற்று வலியாலும் இரத்தம் கலந்த வயிற்றுப்போக்காலும் துன்புற்றனர். அனைவரும் ஒரே துரித உணவகத் தொடரில் பர்கர் உண்டவர்கள். ஆராய்ந்தபோது ஈ.கோலை ஓ157:எச்7 என்னும் கிருமி அகப்பட்டது. மனிதக் குடலில் வாழும் சாதாரண ஈ.கோலையின் உறவினம்தான், ஆனால் இது ஒரு நஞ்சைச் சுரக்கிறது. அந்நஞ்சு சிறுநீரகத்தைத் தாக்கிச் செயலிழக்கச் செய்யும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கே ஆபத்து மிகுதி. நூறுக்கும் குறைவான கிருமிகள் உடலில் புகுந்தாலே நோய் உண்டாகலாம். அடுத்த ஆண்டே மருத்துவ இதழில் கட்டுரை வெளிவந்தது. மருத்துவர்கள் அறிந்துகொண்டனர், பொதுமக்கள் அறியவில்லை. வாஷிங்டன் மாநிலம் மட்டும் 1987 முதல், இக்கிருமியால் நோயுற்றவரைப் பற்றி மருத்துவர்கள் அரசுக்கு அறிவிக்க வேண்டும் என்று விதித்திருந்தது. அவ்வாறு விதித்த முதல் மாநிலம் அதுவே.

அந்த விதி இல்லையென்றால் 1993 இன்னும் கொடியதாக இருந்திருக்கும். அவ்வாண்டு ஜனவரி 13ஆம் நாள், சிறுநீரகம் செயலிழந்த குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாகப் பலர் வருவதை ஒரு மருத்துவர் வாஷிங்டன் மாநிலச் சுகாதாரத் துறைக்குத் தெரிவித்தார். ஐந்தே நாள்களில், அதாவது 18ஆம் நாள், காரணம் ஜாக் இன் த பாக்ஸ் என்னும் துரித உணவகத் தொடரின் பர்கர்கள் என்று கண்டறிந்து மிஞ்சியிருந்த இறைச்சியைத் திரும்பப் பெறத் தொடங்கினர். அந்நாள்களில் அவ்வுணவகம் 'மான்ஸ்டர் பர்கர்' என்ற பெயரில் சிறப்பு விலையில் விற்பனை நடத்தியிருந்தது. வாஷிங்டன், ஐடஹோ, கலிபோர்னியா, நெவாடா ஆகிய நான்கு மாநிலங்களில் 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். பெரும்பாலோர் வாஷிங்டனைச் சேர்ந்தவர்கள். அவர்களுள் பலர் சிறு பிள்ளைகள். நான்கு குழந்தைகள் இறந்தனர்.

இறந்த குழந்தைகளுள் ஒன்று, இரண்டு வயதுகூட நிரம்பாத ஆண் குழந்தை. அக்குழந்தை பர்கர் உண்ணவே இல்லை. குழந்தைப் பராமரிப்பு நிலையத்தில் நோயுற்றிருந்த வேறொரு குழந்தையிடமிருந்து தொற்றிக்கொண்டது. பாலர் பள்ளி ஆசிரியர்களும் பராமரிப்பாளர்களும் இவ்வரியில் சற்று நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். குழந்தையின் ஆடையை மாற்றியபின் கைகழுவுவதை நாம் தூய்மைப் பழக்கம் என்று மட்டும் சொல்லித் தருகிறோம். சில நோய்களில் அதுவே உயிர்.

இறைச்சியை எவ்வளவு சூட்டில் வேகவைக்க வேண்டும் என்பதில் அப்போது இரண்டு கணக்குகள் இருந்தன. கூட்டரசின் பரிந்துரை 140 பாகை பாரன்ஹீட், அதாவது 60 பாகை செல்சியஸ். வாஷிங்டன் மாநிலமோ 1992இலேயே அதனை 155ஆக, அதாவது 68 செல்சியஸாக உயர்த்தியிருந்தது. அவ்வுணவகங்களில் மாநிலத்தின் உயர்ந்த அளவு பின்பற்றப்படவில்லை. பதினைந்து பாகை வேறுபாடு. தலைமையகம் வேறு மாநிலத்தில் இருக்கையில் உள்ளூர் விதி ஒரு தாளாகவே நின்றுவிடுவது புதிதன்று.

இந்நிகழ்ச்சிக்குப் பின் அந்நிறுவனம் டேவிட் தீனோ என்ற உணவுப் பாதுகாப்பு வல்லுநரை அமர்த்தியது. இறைச்சி தரும் ஆலைகள் கிருமிச் சோதனை செய்தே அனுப்ப வேண்டும் என்றும், ஒவ்வொரு கட்டத்திலும் சூட்டை அளந்து எழுத வேண்டும் என்றும் அவர் விதித்தார். இறந்த குழந்தைகளுள் ஒரு சிறுமியின் படத்தைத் தம் கைப்பெட்டியில் வைத்திருந்தார் அவர். கடினமான முடிவெடுக்கும் வேளைகளில் அதனை எடுத்துப் பார்ப்பது அவர் வழக்கமாம். 2017இல் அவர் மறைந்தார்.

பெற்றோர்கள் சும்மா இருக்கவில்லை. பிள்ளைகளை இழந்தவர்கள் தலைநகருக்குச் சென்று ஆட்சியாளர்முன் பேசினார்கள். 1994 செப்டம்பர் 29ஆம் நாள், வேளாண்மைத் துறையின் இறைச்சிப் பரிசோதனைப் பிரிவுக்குத் தலைவராகப் புதிதாக வந்திருந்த மைக்கேல் டெய்லர், இறைச்சித் தொழில் முதலாளிகளின் கூட்டத்தில் எழுந்து ஓர் அறிவிப்புச் செய்தார். அரைத்த பச்சை மாட்டிறைச்சியில் ஈ.கோலை ஓ157:எச்7 இருந்தால் அவ்விறைச்சி சட்டப்படி கலப்படமானது. அதனை விற்கக் கூடாது. இதுதான் அறிவிப்பு. பச்சை இறைச்சியில் உள்ள ஒரு கிருமியை இவ்வாறு அறிவித்தது அதுவே முதன்முறை. தொழில் அமைப்புகள் டெக்சஸ் மாநிலத்தில் வழக்குத் தொடுத்தன. சமைத்தால் கிருமி செத்துவிடுமே, பிறகு எப்படி அது கலப்படம் என்று 1974ஆம் ஆண்டின் வாதத்தையே மீண்டும் எடுத்துவந்தன. இம்முறை நீதிமன்றம் ஏற்கவில்லை. அமெரிக்கர் பலர் அரைத்த இறைச்சியை அரைவேக்காட்டில் உண்பதையே முறையான சமையலாகக் கருதுகின்றனர். ஆகவே சமையலறையை நம்பி விற்பவர் தப்பிக்க முடியாது என்று கூறி அறிவிப்பை நிலைநிறுத்தியது. தங்கையின் பொட்டலத்தில் நான் படித்த அந்தச் சிறு தாளும் அதே 1994இல்தான் கட்டாயமாயிற்று.

1996இல் இன்னொரு விதி வந்தது. ஒவ்வோர் ஆலையும் தன் வேலையில் எந்தெந்தக் கட்டத்தில் கேடு நுழையக்கூடும் என்று முன்கூட்டியே வகுத்து, அந்த இடங்களில் அளந்து, பதிவேட்டில் எழுத வேண்டும். நம் பள்ளிச் சிற்றுண்டிச்சாலை நடத்துநர்கள் 'ஹச்சாப்' என்று சொல்லக் கேட்டிருப்பீர்களே, அதே முறைதான்.

விதி வந்துவிட்டது என்பதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. 1997 ஆகஸ்டில், நெப்ராஸ்கா மாநிலத்தில் ஹட்சன் புட்ஸ் ஆலையில் செய்த உறைந்த பர்கர் வட்டுகளால் கொலராடோவில் சிலர் நோயுற்றனர். முதலில் 20,000 பவுண்டு இறைச்சியைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். சில நாள்களில் அது 12 இலட்சம் பவுண்டாயிற்று. முடிவில் 250 இலட்சம் பவுண்டு, அதாவது ஏறத்தாழ 11,300 டன். ஏன் இப்படி வளர்ந்தது? ஒரு நாள் மிஞ்சிய இறைச்சியை மறுநாள் இறைச்சியோடு கலப்பது அவ்வாலையின் வழக்கம். எந்த நாளில் கேடு தொடங்கியது, எந்த நாளில் முடிந்தது என்று பிரித்துக் காட்ட முடியவில்லை. நேற்று மிஞ்சிய மாவை இன்றைய மாவில் சேர்க்கும் நம் வீட்டுப் பழக்கம் நினைவுக்கு வருகிறதல்லவா? வீட்டில் அது ஒரு சட்டி. அங்கே ஒரு நாடு.

கிடங்குக் கடையை மீண்டும் இவ்விடத்தில் கொண்டுவர வேண்டும். 2007இல் ஓர் இளம்பெண், சாம்ஸ் கிளப் என்னும் கிடங்குக் கடையில் வாங்கிய உறைந்த பர்கர் வட்டை வீட்டில் சமைத்து உண்டு, நடக்கும் ஆற்றலை இழந்தார். 2009இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் மைக்கேல் மாஸ் அந்த வட்டின் பிறப்பைத் தேடிச் சென்றார். கார்கில் நிறுவனம் தயாரித்த அவ்வட்டில் நெப்ராஸ்கா, டெக்சஸ், தெற்கு டகோட்டா ஆகிய மூன்று மாநிலங்களின் இறைச்சியும், தென்னமெரிக்க நாடான உருகுவேயின் இறைச்சியும் கலந்திருந்ததைக் கண்டறிந்தார். பெரும்பாலான ஆலைகள் அரைத்து முடித்தபின்தான் சோதித்தன. அரைக்குமுன் சோதித்தால் குறை எந்த அறுப்புக்கூடத்திலிருந்து வந்தது என்று தெரிந்துவிடும் என்பதால், சில பெரிய அறுப்புக்கூடங்கள் அதற்கு ஒப்பவில்லை. இந்தக் கட்டுரைக்கு 2010இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

அதே கட்டுரை மாறுபட்ட ஒரு செய்தியையும் சொன்னது. காஸ்ட்கோ தன் சொந்த ஆலையில், வந்து சேரும் வெட்டுத்துண்டுகளை அரைக்குமுன்னே சோதித்துவந்தது. அதற்கு ஒப்பாத பெரிய நிறுவனத்திடம் வாங்காமலும் இருந்தது. நான் அக்கடைக்கு விளம்பரம் எழுதவில்லை; இலாபம் கருதும் நிறுவனம்தான் அதுவும். ஆனால் பெரிய அளவில் வாங்குபவர் கேட்டால் விற்பவர் இறங்கி வருவார் என்பதற்கு இது சான்று. பொறுப்பு சமைப்பவரிடமிருந்து விற்பவரிடமும், விற்பவரிடமிருந்து அறுப்பவரிடமும் பின்னோக்கி நகர்ந்ததை இங்கே காண்கிறோம்.

2012இல் அதே குடும்பத்தைச் சேர்ந்த மேலும் ஆறு வகை ஈ.கோலைக் கிருமிகள் கலப்படப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஆனால் 1974ஆம் ஆண்டு வழக்கின் காரணமான சால்மோனெல்லா, அரைத்த மாட்டிறைச்சியில் இன்றுவரை அப்பட்டியலில் இல்லை. அந்தப் பொறுப்பு இன்னும் அடுப்படியில்தான் இருக்கிறது.

மேற்படிப்புக்காகப் பிள்ளைகளை அமெரிக்காவுக்கு அனுப்பும் பெற்றோர் சிலர் இதனைப் படிப்பார்கள் என்பதால், பொட்டலத்தைப் படிக்கும் முறையையும் எழுதிவிடுகிறேன். 80/20 என்றிருந்தால் 80 பங்கு கொழுப்பற்ற இறைச்சி, 20 பங்கு கொழுப்பு. சட்டப்படி கொழுப்பு 30 விழுக்காட்டுக்கு மேல் போகக் கூடாது. 'கிரவுண்ட் பீஃப்' என்றால் தனியே கொழுப்புச் சேர்த்திருக்கக் கூடாது. 'ஹாம்பர்கர்' என்றால் சேர்த்திருக்கலாம். 'பீஃப் பேட்டீஸ்' என்று மட்டும் இருந்தால் மாவு, நீர் முதலியவை கலந்திருக்கலாம். சேர்பொருள் பட்டியலைப் படிக்க வேண்டும். எந்த நாட்டு மாடு என்று அச்சிடும் கட்டாயம் 2009 முதல் இருந்தது. மாட்டிறைச்சிக்கு 2015 இறுதியில் அது நீக்கப்பட்டது. 'அமெரிக்கப் பொருள்' என்று தாமாக அச்சிடுவோர், மாடு பிறந்ததும் வளர்ந்ததும் அறுக்கப்பட்டதும் பதப்படுத்தப்பட்டதும் அங்கேயே என்றிருந்தால்தான் அவ்வாறு அச்சிடலாம் என 2024இல் இயற்றிய விதி 2026 ஜனவரி முதல் நடைமுறைக்கு உரியது. ஹலால் முத்திரை தேடும் முஸ்லிம் நண்பர்களுக்கு இவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது உண்டு. அதை எனக்குச் சொல்லித் தரும் தகுதி அவர்களுக்கே உண்டு.

இறுதியாக நிறத்தைப் பற்றி ஒன்று. 1990களின் நடுப்பகுதி வரை, உள்ளே இளஞ்சிவப்பு நிறம் மறையும்வரை வேகவைத்தால் போதும் என்றே சொல்லி வந்தனர். கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சில இறைச்சி வேண்டிய சூட்டை எட்டுமுன்னரே பழுப்பாகிவிடுவதைக் காட்டினர். கண் ஏமாறும் என்று தெரிந்தபின், 1997 முதல் வேளாண்மைத் துறை வெப்பமானியைப் பயன்படுத்தச் சொன்னது. 2000இல் 'தெர்மி' என்னும் சிரிக்கும் வெப்பமானிப் பாத்திரம் ஒன்றை உருவாக்கிப் பள்ளிகளிலும் கடைகளிலும் பரப்பியது. அளவு 160 பாகை பாரன்ஹீட், நம் கணக்கில் 71 செல்சியஸ். பர்கர் வட்டு மெல்லியது என்பதால் வெப்பமானியின் முனையை மேலிருந்து குத்தினால் அடியில் உள்ள சட்டியின் சூட்டைக் காட்டிவிடும். பக்கவாட்டிலிருந்து நடுப்பகுதி வரை செலுத்த வேண்டும். ஒன்றை அளந்துவிட்டு மற்றவையும் அப்படியே இருக்கும் என்று விடக் கூடாது. ஒவ்வொன்றாக அளக்க வேண்டும். வேகாத வட்டில் செலுத்திய முனையைக் கழுவிய பிறகே அடுத்ததில் செலுத்த வேண்டும்.